கம்பின் நீளமும் கைப்பிடித் தூரமும்

சிலம்பம் ஆடுகிறவனுக்கு உலகம் கம்பின் நீளத்தில் தொடங்குகிறது. பாதத்திலிருந்து நெற்றி மட்டத்துக்கு அளந்து வெட்டிய கம்பு, அதை ஏந்திய கையின் வீச்சு, முன்கால் எடுத்து வைக்கும் ஓர் எட்டு. மூன்றும் சேர்ந்து நம்மைச் சுற்றி ஒரு வட்டம் போடும். அதற்குள் எதிராளி வரக் கூடாது. வந்தால் அடி வாங்காமல் திரும்பக் கூடாது. சிறு வயதிலிருந்து என் உடம்பு பழகியது இந்தக் கணக்குக்குத்தான். பேருந்தில் நின்றாலும் கடைத்தெருவில் நடந்தாலும் பக்கத்திலிருப்பவர் எத்தனை எட்டுத் தள்ளி நிற்கிறார் என்று கண் தானாக அளக்கும். எதிராளியின் சட்டையைப் பிடித்த பிறகுதான் ஆட்டமே தொடங்கும் என்கிற ஜூடோவுக்கு இந்த உடம்பைக் கொண்டுபோனேன். இரண்டையும் பல வருஷமாகச் சேர்த்தே பழகிவருகிறேன்.

நான் சிலம்பம் கற்றது மதுரைக்கு மேற்கே, வைகைக் கரையை ஒட்டிய ஒரு கிராமத்தில். அறுவடை முடிந்து நெல்லடிக்கும் களம் காலியானால் அதுதான் எங்களுக்கு ஆடுகளம். வாத்தியார் விவசாயி. பகலெல்லாம் வயலில் கிடந்துவிட்டு, இருட்டியதும் குளித்து விபூதி பூசிக்கொண்டு வருவார். ஆரம்பத்தில் கம்பைத் தொடவே விடமாட்டார். தரையில் குச்சியால் கோடு கீறி அதன்மேல் காலடி போடச் சொல்வார். முன்னே ஓர் எட்டு, பின்னே ஓர் எட்டு, பக்கவாட்டில் ஒன்று, திரும்பி ஒன்று. "கம்பு சுத்துறவன் ஊருக்குப் பத்துப் பேரு இருக்கான்டா. கால் தெரிஞ்சவன்தான் சிலம்பக்காரன்" என்பார். தடம் மாறினால் கணுக்காலில் அவர் குச்சி லேசாகத் தட்டும். கம்பு கைக்கு வந்தபோது அதைப் பக்குவப்படுத்துவதும் பாடத்தில் சேர்ந்தது. மூங்கிலை நிழலில் உலர்த்துவது, கணுக்களைச் சீவுவது, கோணலை அனலில் காட்டி நிமிர்த்துவது, எண்ணெய் பூசி வைப்பது. பிறகு சலாம் வரிசை, ஒற்றைக்கை வீச்சு, இரட்டைக்கை வீச்சு, மேலே பாவலா காட்டிவிட்டுக் கீழே காலை வாருவது என்று வருஷங்கள் போயின.

ஜூடோ பக்கம் என்னைத் தள்ளியது ஒரு திருவிழா ஆட்டம். கம்பு நுனியில் வண்ணம் தோய்த்து, யார் உடம்பில் எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணிப் பார்க்கும் ஆட்டம் அது. எதிரே பக்கத்து ஊர்க்காரர், நல்ல ஆகிருதி. தோளில் என் அடியை வாங்கிக்கொண்டே உள்ளே புகுந்தார். என் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு மார்போடு மார்பாக நின்றார். நடுவர் பிரித்துவிட்டார், பொட்டுக் கணக்கில் வெற்றியும் எனக்கே வந்தது. ஆனால் நெருங்கி நின்ற அந்தச் சில நொடிகள் என்னை விடவில்லை. அவருடைய மூச்சு என் முகத்தில் படுகிறது, கையில் கம்பு இருக்கிறது, அடுத்து என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரியவில்லை. சிலம்ப மரபிலேயே குத்துவரிசை, பூட்டு, பிரிவு என்று கைப்பாடங்கள் உண்டு. எங்கள் வாத்தியாருக்குச் சொல்லித்தந்தவர் அவற்றை முழுவதும் தருவதற்குள் காலமாகிவிட்டார். "என்கிட்ட இருக்கிறது இம்புட்டுத்தான்" என்று வாத்தியார் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார்.

வேலை நிமித்தம் சென்னைக்கு வந்தபோது, குடியிருந்த தெருவுக்குப் பக்கத்திலேயே ஜூடோ வகுப்பு நடந்தது. சேர்வதற்கு முன் ஊருக்குப் போய், வெற்றிலை பாக்கு, பழம் வைத்து வாத்தியாரிடம் கேட்டேன். இன்றைய பிள்ளைகளுக்கு இது விநோதமாகப் படலாம். தட்சிணை வைத்து ஒருவரிடம் தொடங்கிய பிறகு இன்னொருவரிடம் போவதென்றால் முதலாமவர் வாயால் ஒரு சொல் வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. அது நல்ல முறை என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை. "தாராளமாப் போயிட்டு வா. ஆனா அங்க போயி நான் கம்புக்காரன்னு சொல்லிக்கிட்டு நிக்காத. ஒண்ணுந் தெரியாதவனாப் போ. அப்பத்தான் அவரு குடுப்பாரு" என்றார்.

ஜூடோ மாஸ்டர் ராணுவத்தில் ஆடி ஓய்வுபெற்றவர். கூடம் முழுக்க மெத்தை விரிப்பு. உடுப்பு தடித்த பருத்தி; எவ்வளவு பிடித்து இழுத்தாலும் கிழியாத நெசவு. இடுப்பில் வெள்ளைப் பட்டை. கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். அங்கே முதலில் சொல்லித்தந்தது விழுவதற்கு.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூடோவில் விழும் முறைக்கு உகெமி என்று பெயர். மல்லாந்து விழும்போது தாடை மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். கண் இடுப்புப் பட்டையின் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. முதுகை வளைத்து இறங்கி, முதுகு தொடும் அதே நொடியில் இரண்டு கைகளாலும் மெத்தையை ஓங்கி அறைய வேண்டும். கை உடம்பை விட்டு அதிகம் விலகினால் தோள் அடி வாங்கும். ஒட்டியே இருந்தால் விலாவுக்கு அடியில் சிக்கும். மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். ஓரிடத்தில் இறங்கவேண்டிய அதிர்ச்சி முன்கை முழுக்க, முதுகு முழுக்கப் பரவி அடங்கிவிடுகிறது. பக்கவாட்டில் விழ ஒரு முறை, முன்னால் உருண்டு எழ ஒரு முறை. தோளில் தொடங்கி முதுகில் குறுக்காக ஓடி எதிர்ப்புற இடுப்பில் முடியும் அந்த உருளலை யாராவது சரியாகச் செய்யும்போது பாருங்கள், எலும்பு இருக்கிற உடம்பா என்று சந்தேகம் வரும்.

நான் கற்ற சிலம்பத்தில் விழுவது பாடத்திலேயே இல்லை. நிலை தவறாமல் நிற்பதுதான் பாடம். ஆகவே எறியப்படும்போதெல்லாம் என் உடம்பு நிற்கப் போராடியது. முடியாதபோது கையை ஊன்றப் பார்த்தது. பச்சைப் பட்டை கட்டிய ஒரு பள்ளி மாணவிதான் என்னோடு ஜோடி சேர்ந்திருந்தாள். "அண்ணா, கைய ஊனாதீங்க, மணிக்கட்டு போயிடும். தரைய அடிங்க" என்று ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொல்வாள். பிறகு என் கையைப் பிடித்து எழுப்பி, மறுபடியும் எறிவாள். பல வாரங்களுக்குப் பின், ஒரு மழை நாளில் நடைபாதைக் கல்லில் வழுக்கியபோது என் தாடை தானாக உள்ளே போனது. கை தானாகத் தரையை அறைந்தது. சிராய்ப்போடு எழுந்து நடந்தேன்.

விழுவதைவிடச் சிரமமாக இருந்தது நிற்பது. ஜூடோவில் வலக்கை எதிராளியின் சட்டை விளிம்பை மார்புக்கு மேலே பிடிக்கும். இடக்கை அவர் முழங்கைக்கு அருகே சட்டைக்கையைப் பிடிக்கும். அப்படிப் பிடித்ததும் என் உடம்பு செய்தது, பின்னால் ஓர் எட்டு. சிலம்பத்தில் அது உயிர் காக்கும் எட்டு. ஜூடோவில் எதிராளிக்கு வேண்டியதே அதுதான். பின்வாங்குகிற உடம்பின் எடை குதிகாலுக்குப் போய்விடுகிறது. அந்தக் காலுக்குப் பின்னே தன் காலைப் போட்டு வாரினால் ஆள் மல்லாந்துவிடுவான். ஒசோதோகாரி என்கிற அந்த எறிதலில் நான் விழாத வகுப்பே ஆரம்பத்தில் கிடையாது. பிடியிலும் என் கைகள் விறைத்து நீண்டே இருந்தன. மாஸ்டர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒருநாள் கூப்பிட்டார். "நீ ஏதோ ஆயுதம் ஆடுற ஆளு. எதிராளியத் தள்ளி வச்சே பழகியிருக்க. என்ன கத்துக்கிட்டிருக்க?" அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, சொன்னேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. "சிலம்பமா? அப்ப கால் உன்கிட்ட இருக்கு. தூரத்தை மட்டும் செருப்போட வெளியில விட்டுட்டு வா."

கால் என்னிடம் இருக்கிறது என்பதை அவரே நிரூபித்தார். தெ ஆஷி பராய் என்று ஓர் எறிதல். எதிராளி ஒரு காலை எடுத்து வைக்கிறார். பாதம் தரையைத் தொட்டுவிட்டது, எடை இன்னும் முழுதாக இறங்கவில்லை. அந்த இமைப்பொழுதில் நம் உள்ளங்காலால் அவர் கணுக்காலைப் பெருக்கிவிட வேண்டும். முந்தினால் காலை எடுத்துக்கொள்வார், பிந்தினால் ஊன்றிய கால் அசையாது. சரியான கணத்தில் பட்டால் பலமே தேவையில்லை. இது வருவதற்குப் பல மாதங்கள் ஆகும் என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எனக்கு மற்ற எறிதல்களுக்கெல்லாம் முன்பாக இதுதான் வந்தது. கீறிய கோடுகளின் மேல் நடந்த வருஷங்கள், கம்பைப் பார்க்காமல் எதிராளியின் காலை ஓரக்கண்ணால் படித்த இரவுகள், எல்லாம் அந்த இமைப்பொழுதில் வந்து நின்றன. பச்சைப் பட்டைப் பெண்ணை முதன்முறையாக விழவைத்தது இதில்தான். விழுந்த இடத்திலிருந்தே "சூப்பர்ணா" என்றாள்.

எறிவதற்கு முன் எதிராளியின் நிலையைக் குலைக்க வேண்டும். ஜூடோவில் இதைக் குசுஷி என்பார்கள். எங்கள் ஊரில் தாத்தா காலத்தில் ஏற்றம் இறைத்தவர்களுக்கு இது சொல்லாமலே புரிந்திருக்கும்: ஏற்ற மரத்தின் மேல் ஒருவர் சில எட்டு இந்தப் பக்கம் நடந்தால் போதும், அந்தப் பக்கம் சால் நிறையத் தண்ணீர் தானே மேலே வரும். எடை எந்தப் பக்கம் சாயத் தயாராக இருக்கிறதோ அந்தப் பக்கம் அதற்கு வழிவிடுவதுதான் வேலை.

ஜூடோவைத் தந்த கானோ ஜிகோரோவைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பெரிய தெம்பு கிடைத்தது. அவரே இரண்டு பள்ளிகளின் பிள்ளை. 1860இல் பிறந்தவர், மெலிந்த உடம்பு, 1877இல் ஃபுகுதா ஹச்சினோசுகேயிடம் தென்ஜின் ஷின்யோ ரியூ என்ற ஜுஜுத்சு மரபில் சேர்ந்தார். சில வருஷங்கள் கழித்து ஈகுபோ த்சுனெதோஷியிடம் கிதோ ரியூ என்ற மற்றொரு மரபைக் கற்றார். முதல் மரபில் பூட்டு, அமுக்குப்பிடி, கழுத்து நெரிப்பு மிகுதி. இரண்டாவதில் எறிதல் சிறப்பு. நிலையைக் குலைத்த பிறகே எறிவது என்ற நுட்பம் இரண்டாவது மரபின் பயிற்சியில்தான் அவருக்குப் பிடிபட்டது. 1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் கோடோகான் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அதற்கு முன், மாணவராக இருந்தபோது, தன்னைவிடப் பருமனான ஒரு பயிற்சித் தோழரை வீழ்த்த வழி தேடி சூமோவையும் மேற்கத்திய மல்யுத்தத்தையும் ஆராய்ந்திருக்கிறார். ஆளைத் தோளில் குறுக்காகத் தூக்கி எறியும் கதா குருமா அப்படி வந்தது. 1922இல் ஒகினாவாவிலிருந்து வந்த ஃபுனகோஷி கிச்சினைக் கோடோகானுக்கே அழைத்துக் கராத்தே காட்டச் சொன்னவரும் இவர்தான். கராத்தேக்காரர்கள் இன்று உடுத்தும் வெள்ளை உடுப்பும் வண்ணப் பட்டையும் ஜூடோவிலிருந்து போனவை. தன் கலையில் உறுதியாக நின்ற ஒருவர் அடுத்தவர் கலையை இவ்வளவு மரியாதையோடு பார்த்தார் என்பது எனக்குப் பெரிய செய்தி.

மாஸ்டர் வாரத்தில் ஒருநாள் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஆடச் சொல்வார். சிலம்பத்தில் கண் போனால் எல்லாம் போச்சு. இங்கே பிடி இருக்கிறவரை கண் வேண்டாம். முதலில் இருட்டு, பயம். கொஞ்ச நேரத்தில் பிடித்த துணி பேச ஆரம்பிக்கும். எதிராளி வலக்காலைத் தூக்கப் போகிறார் என்றால் அவருடைய இடப்பக்கச் சட்டை ஓர் அரை நொடி முன்பே கனக்கும். அவர் மூச்சை இழுப்பது விளிம்பில் தெரியும். கண் கட்டிய ஆட்டங்களில்தான் நான் பின்வாங்குவதை விட்டேன். தூரத்தை அளக்கக் கண் இல்லாதபோது உடம்பு அந்தப் பழக்கத்தைத் தானே கைவிட்டது. பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கான ஜூடோவில் இருவரும் பிடியைப் பிடித்துக்கொண்ட பிறகே ஆட்டம் தொடங்கும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்ஸில் கபில் பர்மார் ஆடவர் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக்ஸ் ஜூடோவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். அந்த ஆட்டத்தை நாங்கள் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். மாஸ்டர் அழுதார்.

இரண்டு கலையைச் சேர்த்துப் பழகுவதில் இழப்பும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜூடோ பிடி விரல்களை இறுக்கும். கனத்த துணியைப் பற்றி இழுத்து இழுத்து விரல் கணுக்கள் வீங்கும், முன்கை விறைத்துப்போகும். கம்புக்கு வேண்டியது நேர்மாறு: உள்ளங்கையில் கம்பு உருள வேண்டும், பிடி தளர்ந்து நின்று, அடி படும் நொடியில் மட்டும் இறுக வேண்டும். ஜூடோ ஆடிய மறுநாள் காலையில் கம்பெடுத்தால் வீச்சு செத்துக் கிடந்தது. தோள்கள் காதுவரை ஏறி நின்றன. ஆகவே நாட்களைப் பிரித்தேன். ஜூடோவுக்கு மறுநாள் வெறும் காலடி மட்டும், கம்பு கிடையாது. கம்பு பழகும் நாளில் துணி பிடிப்பதில்லை. இந்த ஒழுங்கு வந்த பிறகே இரண்டும் ஒன்றையொன்று கெடுக்காமல் வளர்ந்தன.

இரண்டையும் கலந்து புதிதாக ஒன்று செய்து காட்டும்படி நண்பர்கள் கேட்கிறார்கள். கைப்பேசித் திரைகளில் அப்படிப்பட்ட கலவைகள் நிறைய ஓடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கலை வேரூன்றும் முன்பே இன்னொன்றின் கிளையை அதில் கட்டினால் இரண்டும் வாடும். முதல் கலை, நினைக்காமலே உடம்பில் ஓடுகிற அளவுக்கு ஊறிய பிறகு இரண்டாவதற்குப் போக வேண்டும். போன இடத்தில் முழு மாணவனாக இருக்க வேண்டும்.

அப்படி இருந்ததால் எனக்குக் கிடைத்தது எறிதல்களைவிடப் பெரியது. வாத்தியார் காரணம் சொல்லாமல் சொன்ன விதிகளுக்கெல்லாம் ஜூடோ மெத்தையில் காரணம் கிடைத்தது. "காலைப் பின்னாத" என்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கால்கள் பின்னிய அந்தக் கணத்தில் எத்தனை சின்னப் பெண்ணாலும் என்னைத் தரையில் போட முடிந்தபோது புரிந்தது. "அடிக்கிறப்ப தோள வுட்டு அடிக்காத, இடுப்பச் சேத்து அடி" என்பார். தோளில் தூக்கி எறியும் செயோய் நாகேவுக்காக இடுப்பை எதிராளியின் இடுப்புக்குக் கீழே திருப்பிப் பழகிய பிறகு, என் இரட்டைக்கை வீச்சு வேறாகிவிட்டது. கம்பு காற்றைக் கிழிக்கும் ஒலி கனத்தது. இப்போது எதிராளியின் கம்பைப் பார்க்கும்போதே அவர் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதும் தெரிகிறது. யாராவது அடியை வாங்கிக்கொண்டு உள்ளே புகுந்தால் நெஞ்சு படபடப்பதில்லை. வட்டத்துக்கு உள்ளேயும் எனக்கு இடம் இருக்கிறது.

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். களத்தில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டணத்துல என்னதான் கத்துக்கிட்ட, காட்டு பாப்போம்" என்றார். எறிந்து காட்ட அங்கே விழத் தெரிந்தவர் யாரும் இல்லை. வைக்கோலைப் பரப்பச் சொல்லி, நானே விழுந்து காட்டினேன். மல்லாந்து, பக்கவாட்டில், உருண்டு. பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. சாவகாசமாக எழுந்து வந்து, "கைய ஊனாம விழுகுறியே, இன்னொருக்கா விழு" என்றார். நன்றாகப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். "டேய், கம்ப ஓரமாப் போடுங்க. அண்ணன் சொல்லிக் குடுக்கிறதப் படிங்க." அன்றிலிருந்து எங்கள் ஊர்க் களத்தில் காலடிக்கு முன்னால் விழும் பாடம் நடக்கிறது.

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2021இல் தமிழக அரசு வேலைவாய்ப்புக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் அது செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. மொட்டை மாடியிலும் பள்ளிக்கூடத்து சிமெண்டுத் தரையிலும் சின்னஞ்சிறு பிள்ளைகள் கம்பு சுற்றுகிறார்கள். அந்தத் தரையில் கால் வழுக்கினால் அவர்கள் முதலில் கையைத்தான் ஊன்றுவார்கள். சிலம்பம் சொல்லித்தருகிற வாத்தியார்களுக்கும் ஆசான்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: உங்கள் ஊரில் ஜூடோ தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, வைக்கோலோ பழைய மெத்தையோ விரித்து, கம்பு கையில் கொடுப்பதற்கு முன் பிள்ளைகளுக்கு விழச் சொல்லிக்கொடுங்கள்.